எதிர்க்கடைக் கிளாஸ்

மெயின்ரோட்டிலிருந்து ஆமத்தூருக்குப் பிரிகிற விலக்கில் வீரலட்சுமியின் டீக்கடை இருக்கிறது. அதற்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், அழகுமீனாவின் டீக்கடை. இருவரும் ஓரகத்திகள். அண்ணன் தங்கப்பாண்டியனுக்கு வாழ்க்கைப்பட்டவள் வீரலட்சுமி. தம்பி ஆண்டிச்சாமியைக் கட்டியவள் அழகுமீனா. ஒரு வீட்டுக்கு வந்த இரண்டு மருமகள்கள் ஒரே ரோட்டின் இரண்டு பக்கமும் பாய்லரை ஏற்றி வைத்தால் எப்படி இருக்கும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. வீரலட்சுமியின் முகத்தைப் பார்த்தால் போதும்.

அந்த முகத்தைக் குறை சொல்வதற்கும் இல்லை. விலக்கில் கடை என்று ஒன்று வந்ததே அவளால்தான். அதற்கு முன்னால் வெகுகாலம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். திரி செருகுவாள், பேன்சி ரகங்களுக்குத் தாள் சுற்றுவாள். சாயங்காலம் வீடு திரும்பும்போது அலுமினியப் பொடி படிந்து இரண்டு கையும் வெள்ளியாக மினுங்கும். எவ்வளவு தேய்த்தாலும் முழுசாகப் போகாது. பக்கத்துக் கம்பெனியில் ஒரு நாள் மருந்துக் கொட்டகை ஒன்று, செட்டு என்பார்கள், வெடித்துத் தரைமட்டமானதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். தங்கப்பாண்டியன், "இனிமே அந்தப் பக்கம் போனா காலை ஒடிச்சிருவேன்" என்றான். அவளும் போகவில்லை. தகரக் கூரை போட்டு, ஒரு பாய்லரை வாங்கி வைத்து, விலக்கில் வந்து நின்றுவிட்டாள்.

அவள்தான் வேலையை விட்டாள்; வேலை அவளை விடவில்லை. செட்டில் படித்த பாடம் ஒன்றே ஒன்று: வெடிப்பதெல்லாம் சூட்டில் வெடிக்கிறது. அதனால்தான் அங்கே விடிகாலைக் குளிர்ச்சியிலேயே வெடிமருந்து கலந்து முடித்துவிடுவார்கள். வெயில் ஏறினால் தொட மாட்டார்கள். வாசலில் ஈரச்சாக்கு கிடக்கும், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி நிறைந்து நிற்கும். சூடு என்றால் தண்ணீரை ஊற்று, குளிர வை. இது அவளுக்கு எலும்பு வரை இறங்கியிருந்தது. வீட்டில் குக்கர் இரண்டாவது விசில் அடிக்க விட மாட்டாள். பருப்பு வேகாவிட்டாலும் பரவாயில்லை. கடையில் பாய்லருக்குக் கீழேயும் ஒரு ஈரச்சாக்கை மடித்துப் போட்டிருந்தாள். டீ குடிக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். பட்டாசு ஆட்கள் மட்டும் சிரிக்க மாட்டார்கள்.

அந்தப் பட்டாசு ஆட்கள்தான் கடைக்கு உயிர். காலையில் கம்பெனி வேன் வருவதற்கு முன்னால் பெண்கள் விலக்கில் கூடி, ரோட்டோரப் பாலத்துக் கட்டைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கம்பி ஸ்டாண்டில் கிளாஸ்களை அடுக்கி அங்கேயே கொண்டுபோய்க் கொடுப்பாள் வீரலட்சுமி. பகலில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் ஒன்றிரண்டு பேர் வருவார்கள், போவார்கள். அதை நம்பி அடுப்புப் பற்றவைக்க முடியாது. இந்தப் பெண்கள் விட்டுப்போனால் கடையை மூட வேண்டியதுதான். கடை மூடினால் திரும்பவும் கம்பெனி வேனில்தான் ஏற வேண்டும். அந்த நினைப்பு வந்தாலே பாய்லருக்குக் கீழே கிடக்கிற சாக்கை இன்னொரு தடவை நனைப்பாள்.

இந்த நேரத்தில்தான் எதிரே அழகுமீனா கடை போட்டாள்.

அழகுமீனா சாத்தூர்க்காரி. அவள் அப்பா அங்கே சேவுக்கடையும் டீக்கடையும் ஒன்றாக வைத்திருந்தவர். கல்யாணமாகி வந்த முதல் வாரமே மாமியார், "சின்னவ கைப்பக்குவமே தனி" என்று சொல்லித் தொலைத்தாள். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தச் சொல் போகவில்லை. அழகுமீனாவுக்கு முடி நீளம். அவள் வைத்த முருங்கைக் கொம்பு மறு வருஷமே காய்த்தது. பிள்ளை பெற்றபோதுகூட அவள் அதிகம் கத்தவில்லை என்று நர்ஸ் சொன்னாளாம். அதுவும் வீரலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. இத்தனைக்கும் அவள் "அக்கா, அக்கா" என்று சிரித்துக்கொண்டே வந்து நிற்பாள். திட்டுவதற்கு ஒரு சாக்குக்கூடத் தர மாட்டாள். பொறாமைப்படுகிறவளுக்கு இதைவிட வேறு கொடுமை வேண்டுமா?

ஆண்டிச்சாமியின் லோடு ஆட்டோவுக்கு ஓட்டம் குறைந்துபோனதும், "நீங்க எதுத்தாப்புல இருக்கீகங்கிற தைரியத்துலதான்க்கா கடை போடுறேன்" என்றாள் அழகுமீனா. "போடு, போடு. நல்லா இரு" என்று சொன்னாள் வீரலட்சுமி. சொன்ன வாய்தான் குளிர்ந்திருந்தது. வயிறு, விருதுநகர் மிளகாய் வத்தல் குடோனுக்குள் நிற்பது போலக் காந்தியது.

புதுக்கடையில் எல்லாம் புதுசு. அதிலும் அந்தக் கிளாஸ்கள்! அடி கனத்து, பக்கமெல்லாம் வரிவரியாக, கையில் எடுத்தால் எடையாக இருந்தன. வேனுக்கு நிற்கிற பெண்களில் இரண்டு பேர், "சும்மா ஒரு நாளைக்கு" என்று அங்கே குடித்துப் பார்த்தார்கள். அன்று மத்தியானமே வீரலட்சுமி விருதுநகருக்கு பஸ் ஏறினாள். எதிர்க்கடைக் கிளாஸைவிட இன்னும் கனமாக, இன்னும் தடிமனாக ஒரு ரகத்தைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தாள். இவ்வளவு காலம் உழைத்த மெல்லிசு கிளாஸ்களைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டாள்.

மறுநாள் காலை, கொதிக்கிற டீயை ஊற்றியதும் முதல் கிளாஸ் 'டப்' என்று அடி விட்டு உடைந்தது. டீ மேசையெல்லாம் ஓடியது.

"புதுசுல ஒண்ணு போறதுதான்" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த நாள் இரண்டு போனது. இவ்வளவு தடித்த கிளாஸ் ஏன் உடைகிறது? டீச் சூடு தாங்கவில்லை, வேறென்ன. செட்டுப் பாடம் உடனே கை கொடுத்தது. கிளாஸ்களை மண்பானைத் தண்ணீரில் முக்கி வைத்தாள். ஜில்லென்று எடுத்து, கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள். இன்னும் அதிகமாக உடைந்தன. இன்னும் குளிர வைத்தாள். கலர் பாட்டில் வைக்கிற பிரிட்ஜில் இடம் ஒதுக்கி, ராத்திரியே கிளாஸ்களை உள்ளே அடுக்கிவிட்டாள். "நல்லாக் குளிர்ந்து கெடந்தா எங்கிட்டு வெடிக்கும்?" என்று தங்கப்பாண்டியனிடம் சவால் விட்டாள்.

அந்தக் காலையில்தான் கற்பகத்தின் கிளாஸ் வெடித்தது.

கற்பகம் பழைய சிநேகிதி. செட்டில் வீரலட்சுமிக்குப் பக்கத்துப் பாயில் உட்கார்ந்தவள். இப்போதும் அதே கம்பெனிக்குப் போகிறாள். வேன் பெண்கள் எல்லாரும் அவள் சொல்லுக்குத் தலையாட்டுவார்கள். அவள் கை நீட்டி வாங்கப் போன நேரத்தில், 'டப்!' டீ அவள் சேலையில் கொட்டியது. கொட்டியதுகூடப் பெரிசில்லை. அந்தச் சத்தம் கேட்டதும் கட்டையில் இருந்த அத்தனை பெண்களும் ஒரே மூச்சில் எழுந்து ரோட்டில் நின்றார்கள். ஒருத்தி செருப்பை விட்டுவிட்டே ஓடிவிட்டாள். மற்ற ஊரில் கிளாஸ் உடைந்தால் கிளாஸ்தான் உடையும். இந்தப் பக்கத்தில் அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தம் உண்டு.

"ஏன் மதினி, காலங்காத்தால டப்புனு சத்தத்தக் கேட்டுட்டு நாங்க மருந்துச் செட்டுக்குள்ள போயி உக்காரணுமா?" என்றாள் கற்பகம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. முகம் வெளுத்திருந்தது. "தப்பா நெனைக்காதீக. புள்ள குட்டிக்காரிக நாங்க."

மறுநாளிலிருந்து மொத்தக் கூட்டமும் எதிர்க்கடைக்குப் போய்விட்டது.

வீரலட்சுமி இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். அழகுமீனாவின் அடுப்பில் ஒரு அகன்ற அலுமினியச் சட்டி. அதில் ஆவி பறக்கிற வெந்நீர். அந்த வெந்நீருக்குள் கிளாஸ்கள். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து உதறி, டீயை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஒன்றுகூட உடையவில்லை. நியாயப்படி பார்த்தால் அதுதானே வெடிக்க வேண்டும்? வெந்நீரிலேயே கிடக்கிறது, அதற்கு மேல் கொதிக்கிற டீ வேறு. இங்கே ஐஸாகக் குளிர வைத்தது வெடிக்கிறது, அங்கே அவித்து எடுத்தது சிரிக்கிறது. இது கண்ணாடி செய்கிற வேலை இல்லை, கண் செய்கிற வேலை என்று முடிவு கட்டினாள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று சும்மாவா சொன்னார்கள். மிளகாய் வத்தலும் உப்பும் எடுத்துக் கடையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி தாங்காமல் அவள்தான் இருமினாள். ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அக்கா, சளியா? சுக்குத் தண்ணி போட்டுத் தரவா?" என்று குரல் வந்தது. அந்தக் குரலைக் கேட்டு அவள் பல்லைக் கடித்த கடியில் தாடை வலித்தது.

வெள்ளிக்கிழமை இருக்கன்குடி கோயிலுக்குப் போனாள். மாரியம்மனிடம் ஆளாளுக்கு ஒன்று வேண்டினார்கள். கண் பார்வை, பிள்ளை வரம், கேஸ் ஜெயிக்க. வீரலட்சுமி மாவிளக்கு ஏற்றி, கண்ணை இறுக மூடி, 'என் கிளாஸ் உடையாம இருக்கணும்' என்று வேண்டத்தான் வாயெடுத்தாள். நெஞ்சிலிருந்து வேறு வந்தது. 'தாயே, அவ கிளாஸும் உடையணும். அந்தப் பொம்பளைக காது கேக்க டப்புனு உடையணும். பொங்கல் வைக்கிறேன்.' தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனப் பிழை ஆக வேண்டும் என்கிற கணக்கு. சொல்லி முடித்த பிறகுதான், தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லையே என்று உறைத்தது. பின்னால் கூட்டம் நெருக்கியது, நகர்ந்துவிட்டாள்.

சாயங்காலம் விலக்கில் வந்து இறங்கினால், அவள் கடையில் கூட்டம்.

வேன் அப்போதுதான் ஆட்களை இறக்கிவிட்டிருந்தது. கற்பகமும் நாலைந்து பெண்களும் அவளுடைய மேசையைச் சுற்றி நின்று, அவளுடைய தடித்த கிளாஸ்களில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பாய்லருக்குப் பக்கத்தில் அழகுமீனா. தங்கப்பாண்டியனுக்கு டீ ஆற்றத் தெரியாது. காலையிலேயே தம்பி பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு மண்டி வேலைக்குப் போய்விட்டான். அவள் தன் கடையை ஆண்டிச்சாமியிடம் விட்டுவிட்டு நாள் முழுக்க இங்கே நின்றிருக்கிறாள்.

வீரலட்சுமி கூட்டத்தைப் பார்க்கவில்லை, கிளாஸைப் பார்த்தாள். காலையில் எத்தனை இருந்ததோ அத்தனையும் முழுசாக இருந்தது. முருங்கை அவள் சொன்னதைக் கேட்டது, மாமியார் அவள் பக்கம் நின்றாள், பெண்கள் அவள் பக்கம் போனார்கள்; சரி. நான் காசு கொடுத்து வாங்கின கிளாஸ்கூட அவள் பேச்சைத்தான் கேட்குமா?

எல்லாரும் போன பிறகு, "என்ன மந்திரம் போட்ட?" என்று கேட்டாள். சிரித்தபடிதான் கேட்க நினைத்தாள், சிரிப்பு வரவில்லை.

"மந்திரமா? பிரிட்ஜுல எதுக்குக்கா கிளாஸ வச்சிருக்கீக?"

"சூட்டுல வெடிக்குதுன்னுதான் குளிர வச்சேன்."

அழகுமீனா இடுப்பில் கை வைத்து அவளைப் பார்த்தாள். "சூட்டுல வெடிக்கலக்கா. திடீர்னு வெடிக்குது. கண்ணாடி முழுசும் ஒண்ணாச் சூடானா ஒண்ணும் செய்யாது. நீங்க கொதிக்கிறத ஊத்துனதும் உள்பக்கம் விரியப் பாக்கும். வெளிப்பக்கம் இன்னும் ஜில்லுனு கெடக்கும்ல, அது விரிய மாட்டேங்கும். உள்ள ஒரு இழுப்பு, வெளிய ஒரு இழுப்பு. எம்புட்டு நேரம் தாங்கும்? டப்புனு விட்டுரும்."

உள்ளே ஒன்று பொங்குகிறது, வெளியே ஒன்று விறைத்துக் கிடக்கிறது. வீரலட்சுமிக்கு, தான் அந்தக் குடும்பத்தில் இத்தனை வருஷம் இருந்த இருப்பை யாரோ எடுத்துச் சொன்னது போல இருந்தது.

"அப்பக் கனமா வாங்கினது?"

"கனமா இருந்தா இன்னும் மோசம்க்கா. சூடு வெளிப்பக்கம் வந்து சேர நேரமாவும்ல. உங்க பழைய மெல்லிசு கிளாஸு சட்டுனு சூடாயிரும், அதான் அது தாங்குச்சு. தடிச்சதுன்னா மொதல்ல வெதுவெதுப்பான தண்ணில போட்டு, அப்புறம் சூடு ஏத்தி, பெறகுதான் டீ ஊத்தணும். விளிம்பு தெறிச்சது, கீறல் விழுந்தது இருந்தா எடுத்துருங்க. அதுலதான் மொதல்ல விரிசல் பிடிக்கும். ஊத்துன கிளாஸ ஈர மேசையில வைக்காதீக, காஞ்ச துணி போடுங்க. எங்கப்பா கடையில நான் உடைக்காத கிளாஸா? அடி வாங்கிப் படிச்சது."

அடுப்பில் அவளுடைய அலுமினியச் சட்டி இருந்தது. காலையில் கையோடு கொண்டுவந்திருக்கிறாள். "இது இங்கனயே இருக்கட்டும். விடிஞ்சதும் உங்களுக்கு வேணும்ல. எனக்கு வீட்டுல வேற ஒண்ணு கெடக்கு" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனாள். வாங்கிக்கொண்டது முள்ளாகக் குத்தியது.

விடிந்தது. கிளாஸ்கள் வெந்நீரில் கிடந்தன. கற்பகம் கட்டைக்குப் போகிற வழியில் கடைக்கு முன்னால் நின்றாள். "நேத்து உடையல மதினி. இன்னைக்கும் சத்தம் இல்லாமக் குடிச்சிட்டம்னா, இனிமே எல்லாருக்கும் இங்கனதான். பழகின இடம்ல" என்றாள்.

வீரலட்சுமி ஊற்றினாள். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. மேசைத் துணியின் மேல் வரிசையாக ஆவி விட்டுக்கொண்டு நின்றன, ஒன்றுகூட முனகவில்லை. ஸ்டாண்டில் அடுக்கித் தூக்கப் போனாள்.

'டப்!'

கட்டையில் இருந்த பெண்கள் துள்ளி எழுந்தார்கள். எல்லாத் தலையும் வீரலட்சுமியின் கடைப் பக்கம் திரும்பியது. கிளாஸ் உடைகிற கடை என்றால் அதுதானே. வேறு எந்தப் பக்கமும் யாரும் பார்க்கவில்லை.

வீரலட்சுமி பார்த்தாள். எதிர்க்கடையில் அழகுமீனா கையில் பாதிக் கிளாஸோடு நின்றாள். மேசையில் டீ ஓடியது. முகம், அன்றைக்குக் கற்பகத்தின் முகம் வெளுத்ததைப் போல வெளுத்திருந்தது. அவள் அடுப்பில் சட்டி இல்லை; சூடேற்றாத கிளாஸிலேயே ஊற்றியிருக்கிறாள். வீட்டில் வேறு கிடக்கிறது என்றதெல்லாம் பொய். அல்லது அது ஓட்டையாக இருக்கும். சட்டி இங்கே, வீரலட்சுமியின் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

மாரியாத்தா இவ்வளவு சுருக்காகக் கேட்பாள் என்று தெரிந்திருந்தால் வேறு எதையாவது வேண்டியிருப்பாள்.

"மதினி, மறுபடியுமா?" என்று கத்தினாள் கற்பகம்.

'என்னது இல்லடி. அங்கிட்டுப் பாரு.' நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் முடிந்தது. பொய்கூட இல்லை. அழகுமீனா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காத்திருந்த ஒரு சொல். ஒரு கணம் நெஞ்செல்லாம் சந்தோஷம் பொங்கியது. அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அதை வாங்கிக்கொடுத்தது அந்தச் சட்டி. அவள் கொடுத்த சட்டியை வைத்துக்கொண்டு அவளையே கவிழ்த்துவிட்டு, அப்புறம் ஆயுசு முழுக்க அந்தச் சிரிப்புக்கு எதிரே நின்று டீ ஆற்ற வேண்டும். அதற்குக் கடையை மூடலாம். அவளுக்குக் கடமைப்பட்டுக் கிடப்பதை வீரலட்சுமியால் தாங்கவே முடியாது.

"ஆமா, என்னதுதான்!" என்று கத்தினாள். "என் கிளாஸுதான் உடைஞ்சுச்சு. போங்க, போயி வண்டில ஏறுங்க. சாமியக் கும்பிட்டுட்டுப் பாத்து வேலை செய்யுங்க."

கற்பகம் உச்சுக் கொட்டினாள். யாரும் டீ குடிக்கவில்லை. வேன் வந்தது, ஏறினார்கள், போனார்கள்.

ஸ்டாண்டில் கிளாஸ்கள் நின்றன. எல்லாம் முழுசாக, எல்லாவற்றிலும் டீ நிறைந்து, குடிக்க ஆள் இல்லாமல். வீரலட்சுமி சட்டியிலிருந்த கிளாஸ்களை வெளியே எடுத்து வைத்தாள். முந்தானையால் சட்டியின் காதுகளைப் பிடித்து வெந்நீரோடு தூக்கி, ரோட்டைத் தாண்டிப் போய், அழகுமீனாவின் அடுப்பில் 'ணங்' என்று வைத்தாள்.

"இந்தா உன் சட்டி. நான் எனக்கு ஒண்ணு வாங்கிக்கிருவேன்."

அழகுமீனாவின் கண் கலங்கியிருந்தது. "ஏங்க்கா அப்படிச் சொன்னீக? அவுகெல்லாம் உங்க கடைக்கு..."

"வாய மூடு. டீ இருக்கா, இல்லையா?"

அழகுமீனா ஒரு கிளாஸைச் சட்டிக்குள் போட்டு, சூடேறும் வரை பொறுத்திருந்து, எடுத்து உதறி, டீயை ஊற்றி நீட்டினாள். கடை போட்ட நாளிலிருந்து வீரலட்சுமி அங்கே டீ குடித்ததில்லை. இப்போதுதான் முதல் வாய்.

இஞ்சி தட்டிய அளவும், பால் காய்ந்த பதமும், எல்லாம் சரியாக இருந்தது. அவளுடைய டீயைவிட நன்றாக இருந்தது. அணைந்துபோனது என்று நினைத்த வயிறு திரும்பவும் எரியத் தொடங்கியது.

"சீனி கூடப் போயிருச்சு" என்றாள். மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுக் கிளாஸை நீட்டினாள். "இன்னொண்ணு ஊத்து."